குறைந்த விலைப்புள்ளியும் தொடப்படாத தட்டும்

கேள்வி: பள்ளி, மருத்துவமனை, முதியோர் இல்லம் ஆகியவற்றுக்கு மாநகராட்சிகள் உணவு வாங்கும்போது சூழல், உழவர் நலன், ஊட்டச்சத்து என்று நிபந்தனைகளை அடுக்கினால் செலவு கூடத்தானே செய்யும்? வரிப்பணத்தைக் காக்க, குறைந்த விலைப்புள்ளி கொடுத்தவருக்கே ஒப்பந்தத்தை வழங்குவதுதானே நேர்மை?

பதில்: விலைப்புள்ளியோடு நேர்மை முடிந்துவிடுவதில்லை. நோயாளியின் கட்டிலருகே ஆறிப்போன தட்டு ஒன்று தொடப்படாமலே திரும்பிச் செல்கிறது. அந்த உணவுக்கும் பணம் கொடுத்தாயிற்று. அதைக் குப்பையாக அகற்றவும் நகரம்தான் பணம் கொடுக்கிறது. ஒப்பந்தப்புள்ளிகளைத் திறந்து பார்த்த அன்று இந்த இழப்பு யார் கணக்கிலும் இல்லை. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் மதிப்பீட்டின்படி, 2022இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 28 விழுக்காடு உணவகம், கேன்டீன் போன்ற பரிமாறும் இடங்களில் வீணானது.

செலவு கட்டாயம் கூடும் என்பதும் சரியன்று. டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகன், தன் பொதுச் சமையலறைகளில் 90 விழுக்காடு இயற்கை வேளாண் விளைபொருளே இருக்க வேண்டும் என்று 2015ஆம் ஆண்டுக்கு இலக்கு வைத்து, உணவுக்கான நிதியை உயர்த்தாமலே அதை ஏறத்தாழ எட்டியது. இறைச்சியைக் குறைத்து, பருவத்துக் காய்கறிகளையும் பருப்பு வகைகளையும் கூட்டி, ஆயத்த உணவுக்குப் பதிலாகக் காய்கறியை அப்படியே வாங்கித் தாங்களே நறுக்கிச் சமைத்து, வீணாவதையும் குறைத்ததால் அது கைகூடியது. சமையல்காரர்களின் பயிற்சிக்கு நகரம் தனியே செலவிட்டதையும் சொல்லியாக வேண்டும். அந்தப் பயிற்சிக்குப் பணம் ஒதுக்காமல் நிபந்தனையை மட்டும் எழுதினால், எல்லாம் அடுப்படியில் நிற்பவர் தலையில்தான் விடியும்.

சட்டமும் குறுக்கே நிற்பதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014ஆம் ஆண்டுக் கொள்முதல் நெறிமுறை, விலையோடு தரத்தையும் முழு ஆயுட்காலச் செலவையும் (வாங்குவது முதல் கழிவாக அகற்றுவது வரை ஆகும் செலவு) சேர்த்து எடைபோட இடம் தருகிறது. பெரிய ஒப்பந்தத்தைச் சிறு கூறுகளாகப் பிரிக்காவிட்டால் அதற்கான காரணத்தைத் தெரிவிக்கச் சொல்கிறது. பிரேசிலின் 2009ஆம் ஆண்டுச் சட்டம், பள்ளி உணவுக்கு நடுவண் அரசு தரும் நிதியில் குறைந்தது 30 விழுக்காட்டுக்குக் குடும்ப உழவர்களிடம் கொள்முதல் செய்ய வேண்டும் என்றது. ஒரு சிறு உழவரால் நகரத்தின் அத்தனை பள்ளிகளுக்கும் சமைத்துப் போட ஒப்பந்தப்புள்ளி கொடுக்க இயலாது. காய்கறியை மட்டும் தனிக் கூறாகப் பிரித்தால், அவரும் நான்கு பேரோடு சேர்ந்து போட்டியிடலாம்.

நிபந்தனைகளை அடுக்குவது பற்றிய உங்கள் ஐயத்தில் மட்டும் நியாயம் உண்டு. 'சூழலுக்கு உகந்த உணவு' என்று பொதுப்படையாக எழுதினால் அதை எவராலும் அளக்க முடியாது. சான்றிதழ் பெற்ற விளைபொருள் எத்தனை விழுக்காடு, மிச்சத்தை யார் எடைபோடுவது, தவறினால் எவ்வளவு அபராதம் என்று எழுத வேண்டும். எழுதியதைச் சமையலறைக்குள் போய்ப் பார்க்க ஆளும் வேண்டும். பார்ப்பவர் இல்லாத இடத்தில், நிபந்தனையை மதித்து விலை சொன்னவர் தோற்பார். நிறைவேற்றும் எண்ணமே இல்லாதவர், நீங்கள் பாராட்டும் அந்தக் குறைந்த விலையைச் சொல்லி ஒப்பந்தத்தை வாங்கிக்கொண்டு போவார்.