ஆஸ்திரேலியாவின் ஏர் ஏரி ஏன் இவ்வளவு உப்பு?

வெளியேற வழியில்லாத பள்ளத்தில் தேங்கிய நீர் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுப்போகும் இடமே உப்பு ஏரி. ஏர் ஏரியின் அடி, கடல் மட்டத்துக்குச் சுமார் 15 மீட்டர் கீழே. வந்த ஆறு கடலுக்குப் போகாது. ஆற்றுநீரில் நாக்குக்குத் தெரியாத அளவு உப்புதான். ஆனாலும் தினமும் வெந்நீர் வைக்கும் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஏறுவதுபோல, பல்லாயிரம் ஆண்டுகளில் அது பாளமாகிவிட்டது. ஆண்டு மழையைப்போல் பத்து மடங்குக்கு மேல் ஆவியாக்கும் வெயில் அங்கே.

1974 போலப் பெருவெள்ளம் வருவது அபூர்வம். வந்தால், மண்ணில் காய்ந்துகிடந்த உப்புநீர் இறால் முட்டைகள் பொரியும்; அவற்றைத் தின்ன நெடுங்கால் உள்ளான்கள் கூடும். ஆற்றோடு வரும் மீனுக்காகக் கூழைக்கடாக்கள். நீர் வற்றி உப்பு ஏறினால் மீன்கள் செத்து மிதக்கும். வறட்சியிலோ, உப்புப் பாளத்தின் அடியில் பதுங்கும் ஒரு சிறு ஓணான் எறும்பைத் தின்றே பிழைக்கிறது.

இது வற்றிய கடலின் மிச்சம் எனப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, ஆறும் நிலத்தடி நீரும் கொண்டுவந்து சேர்த்த உப்பு.