மாமியார் வீட்டில் அழுகிற ஸ்வீடன் மருமகள்

கேள்வி: 1860களில் ஸ்வீடனின் ஸ்மோலாந்து பகுதியில் நடப்பதாக ஒரு நாவல் எழுதி வருகிறேன். கதாநாயகி விவசாயி வீட்டுப் பெண். பதினாறு வயதில் திருமணம், மாமியார் கொடுமை, அடுப்படியை விட்டு வெளியே வராத வாழ்க்கை. கடைசியில் கணவனுக்குத் தெரியாமல் பிள்ளைகளோடு அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறாள். மூன்று அத்தியாயங்களைப் படித்த தோழி, "இது நம் ஊர்க் கதை, பெயர்கள் மட்டும்தான் ஸ்வீடன்" என்கிறாள். எதை மாற்ற வேண்டும்?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் தோழி சொன்னது சரிதான். ஆனால் கதையைக் கைவிட்டுவிடாதீர்கள். அந்தப் பெண்ணுக்குத் துயரம் நிறையவே இருந்தது. நீங்கள் வேறு இடத்தில் தேடிவிட்டீர்கள்.

முதலில் அவளுடைய வயதைக் கூட்டுங்கள். அந்தக் காலத்து ஸ்வீடன் கிராமத்துப் பெண் பெரும்பாலும் இருபத்தைந்தைத் தாண்டித்தான் திருமணம் செய்துகொண்டாள். நிலமோ குத்தகையோ கைக்கு வராமல் தனிக் குடும்பம் தொடங்க முடியாது. அதற்காகப் பெண்ணும் மாப்பிள்ளையும் காத்திருந்தார்கள். அந்த ஆண்டுகளைப் பலர் பிறந்த வீட்டில் கழிக்கவில்லை. பதினைந்து, பதினாறு வயதிலேயே வேறொரு விவசாயியின் வீட்டுக்கு வேலைக்குப் போனார்கள். விவசாயியின் மகளே இன்னொரு விவசாயி வீட்டில் வேலைக்காரியாக இருப்பது அங்கே சாதாரணம். ஒப்பந்தம் ஓராண்டுக்கு. அக்டோபர் கடைசியில் கணக்குத் தீர்த்து, சில நாள் விடுப்புக்குப் பிறகு அடுத்த வீட்டுக்கு மாறலாம். ஆகவே உங்கள் கதாநாயகி திருமணத்தன்று பல வீட்டுத் தொழுவங்களையும் எசமானிகளையும் பார்த்துத் தேறியவள். அவளை மிரண்ட சிறுமியாக எழுதினால் நம்பும்படி இருக்காது. இன்னொன்று: திருமணமான பின்னும் அவள் தந்தை பெயரோடுதான் அறியப்படுவாள். ஆண்டர்ஸின் மகள் என்றால் கடைசி வரை ஆண்டர்ஸ்டோட்டர்தான்.

மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். நாவலின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பண்ணையை அடுத்த தலைமுறைக்கு மாற்றும்போது முதியவர்கள் ஓர் ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்வது வழக்கம். ஆண்டுக்கு இத்தனை பீப்பாய் தானியம், ஒரு பசுவுக்குத் தீவனம் அல்லது அளந்து ஊற்ற வேண்டிய பால், உருளைக்கிழங்கு போட ஒரு துண்டு நிலம், விறகு, தேவாலயத்துக்குப் போக வண்டி, கடைசியில் கௌரவமான அடக்கம் என ஒவ்வொன்றையும் எழுதிவைப்பார்கள். பிறகு அதே முற்றத்தில் உள்ள சிறிய வீட்டுக்கோ ஓர் அறைக்கோ ஒதுங்கிக்கொள்வார்கள். சாவிக்கொத்து மருமகள் கைக்கு வந்துவிடும். வேலையாட்களுக்குச் சோறு போடுகிறவளும் வேலை ஏவுகிறவளும் இனி அவள்தான்.

இப்போது சண்டை எங்கே வரும் என்று யோசியுங்கள். 1867இல் வடக்கே வசந்தம் தாமதமாகி விளைச்சல் போனது. 1868 கோடையில் தெற்கே மழை பொய்த்தது; கல் நிறைந்த ஸ்மோலாந்து வயல்கள் காய்ந்தன. தீவனம் இல்லை, மாட்டின் மடி வற்றுகிறது. ஒப்பந்தத்தில் எழுதிய பாலைக் கிழவிக்கு அளந்து கொடுப்பதா, தொட்டிலில் கிடக்கிற குழந்தைக்கு வைத்துக்கொள்வதா? கிழவி கையில் பத்திரம் இருக்கிறது, இவள் கையில் குழந்தை இருக்கிறது. இருவருமே கெட்டவர்கள் இல்லை. தயவுசெய்து இந்தக் காட்சியை எழுதுங்கள்.

அடுப்படியில் அடைந்து கிடப்பவள் என்பதையும் எடுத்துவிடுங்கள். பால் கறப்பது பெண்களின் வேலை. அதைச் செய்வதை ஆண்கள் மானக்கேடாக நினைத்தார்கள். புல் அறுக்கும் பருவத்தில் கணவன் நீண்ட அரிவாளை வீசிக்கொண்டு முன்னே போக, இவள் பின்னால் வாரிச் சேர்ப்பாள். ஆளிச்செடியை ஊறவைத்து, நசுக்கி, சீவி, நூற்று, நெய்து வீட்டுக்குத் துணியாக்குவதும் இவள்தான். பிள்ளைகளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் தாய்தான். ஊருக்கு ஊர் பள்ளி வேண்டும் என்ற சட்டம் 1842இல்தான் வந்தது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பாதிரியார் வீடுவீடாகக் கணக்கெடுத்து, கிறிஸ்தவ மதபாட நூலான லூத்தரின் ஞானோபதேசத்தில் கேள்வி கேட்டு, யார் எப்படிப் படிக்கிறார்கள் என்று பேரேட்டில் குறித்து வந்தார். பிள்ளை திக்கினால் தலைகுனிந்தவள் தாய்.

குழந்தைகளின் சாவை ஒரே ஒரு பெரிய சோகக் காட்சியாக வைத்திருக்கிறீர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தில் ஒரு குழந்தை முதல் பிறந்தநாளைக் காணவில்லை. முடிவில்கூடப் பத்தில் ஒன்று இறந்தது. இறந்த பிள்ளையின் பெயரையே அடுத்து பிறந்த பிள்ளைக்கு வைத்த வீடுகள் ஏராளம். இதைச் சத்தமில்லாமல் இரண்டு வரியில் சொல்லிப் பாருங்கள்.

அவளை உண்மையில் கட்டிப்போட்டது சட்டம். 1734ஆம் ஆண்டுச் சட்டப்படி கணவனே மனைவிக்குப் பாதுகாவலன். மகளுக்கும் மகனுக்கும் சமப் பங்கு என்பது 1845இல் வந்தது. அதற்கு முன் கிராமத்தில் சகோதரனின் பங்கில் பாதிதான் அவளுக்கு. 1863இல் திருமணமாகாத பெண்ணுக்கு 25 வயதில் தன் காரியங்களைத் தானே பார்க்கும் உரிமை கிடைத்தது. திருமணம் செய்துகொண்டால் அது போய்விடும். 1921இல் புதிய திருமணச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை இதே நிலைதான். ஆனால் விதவைக்கு அந்தக் கட்டு எப்போதுமே இல்லை.

ஆகவே கணவனுக்குத் தெரியாமல் கப்பல் ஏறும் முடிவு நிற்காது. ஊரை விட்டுப் போகப் பாதிரியாரிடம் சான்று வாங்க வேண்டும். கணவன் அறியாமல் அவர் எளிதில் கொடுக்க மாட்டார். கணவன் முன்னே போய் அமெரிக்காவிலிருந்து டிக்கெட் அனுப்பலாம். அப்படிப் போன குடும்பங்கள் மிகப் பல. எனக்கு மற்றொரு வழி பிடித்திருக்கிறது: கணவன் இறக்கட்டும். வீட்டிலுள்ள கரண்டி வரை பட்டியல் எடுப்பார்கள், பிள்ளைகளின் பங்கு பிரியும், அவள் முதன்முறையாகத் தன் பெயரில் கையெழுத்திடுவாள். பண்ணையை விற்கலாம், ஆனால் வாங்குகிறவர் கிழவியின் ஒப்பந்தத்தையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும். அப்படி ஓர் ஆளைத் தேடி அலைவதே இரண்டு அத்தியாயத்துக்கு வரும். அதன் பிறகு ஸ்வீடனின் கோத்தன்பர்க் துறைமுகம், அங்கிருந்து இங்கிலாந்தின் ஹல், ரயிலில் லிவர்பூல், நியூயார்க்.

ஸ்வீடன் தேசிய ஆவணக் காப்பகம் அந்தப் பழைய திருச்சபைப் பேரேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. மொழி தெரியாவிட்டாலும் ஸ்மோலாந்தின் ஒரே ஓர் ஊரை எடுத்து, 1860களின் பக்கங்களைப் பாருங்கள். ஒரு வீட்டில் யார் யார் இருந்தார்கள், எந்த ஆண்டு யார் பெயர் அடிக்கப்பட்டது என்பது தேதிகளிலிருந்தே புரியும். நான்காம் அத்தியாயத்தை அதற்குப் பிறகு தொடங்குங்கள்.