மேட்டில் கார் பின்னால் உருளுகிறது. டர்பன் சாலைகளுக்கு எப்படிப் பழகுவது?

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் புதிதாக வந்து, கியர் மாற்றி ஓட்டும் பழைய கார் ஒன்றை வாங்கியிருப்பதாகவும், மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது அது பின்னால் உருளுவதாகவும், அடுத்த மாதம் முதல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிற்கு வேலைக்குப் போய்வர வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வழியில் பதினோரு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். நீங்கள் ஏற்றத்திற்கு அஞ்சுகிறீர்கள். நான் இன்றும் அஞ்சுவது இறக்கத்திற்குத்தான்.

முதலில் ஏற்றம். கைபிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு, முதல் கியரில் போட்டு, ஆக்சிலரேட்டரை இலேசாக மிதித்தபடி கிளட்சை மெல்ல விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் ஒலி சற்றுத் தாழும். பானட்டின் முனை அரை விரல் அளவு எழும். அந்த இடத்தில் பாதத்தை அசைக்காமல் கைபிரேக்கை இறக்கினால் வண்டி பின்னால் நகராது. இங்குள்ள கே53 ஓட்டுநர் தேர்வில் வண்டி பின்னால் உருண்டாலே தோல்விதான் என்பதால், இதை எப்படியும் பழகித்தான் ஆகவேண்டும்.

இனி இறக்கம். டர்பனுக்குத் திரும்பும் திசையில், குளூஃபிலிருந்து பைன்டவுனுக்கு இறங்கும் எம்13 சாலையின் ஃபீல்ட்ஸ் ஹில் சரிவில், 2013 செப்டம்பரில் கட்டுப்பாடு இழந்த லாரி ஒன்று அடிவாரச் சந்திப்பில் மினிபஸ் டாக்சிகள் மீது மோதியதில் 24 பேர் உயிரிழந்தனர். நான் அந்தச் சரிவில் முதன்முறை இறங்கியபோது, நான்காம் கியரிலேயே வண்டியை விட்டுவிட்டு, மேலிருந்து கீழ்வரை பிரேக்கின் மீதே கால் வைத்திருந்தேன். அடிவாரத்தை நெருங்கும்போது கருகிய வாடை வந்தது. பெடல் வழக்கத்தைவிட ஆழமாக, பஞ்சில் மிதித்தாற்போல் இறங்கியது. வேகத்தைக் குறைக்கும் வேலை முழுவதையும் பிரேக்கே செய்தால் அத்தனையும் சூடாக மாறுகிறது. சூடு மிகுந்தால் பிரேக் திரவம் கொதித்துக் குமிழிகள் உண்டாகி, நாம் மிதிக்கும் அழுத்தம் சக்கரத்தைச் சென்றடைவதில்லை. ஆகவே சரிவு தொடங்கும் முன்பே மூன்றாவது அல்லது இரண்டாவது கியருக்கு வந்துவிடுங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். வேகம் கூடும்போது மட்டும் பிரேக்கை அழுத்தமாக மிதித்து விட்டுவிடுங்கள். பெட்ரோல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் இறக்கும் பழக்கம் நம் ஊர்க்காரர் பலரிடம் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். இன்றைய இன்ஜெக்‌ஷன் இன்ஜின்கள் கியரில் இறங்கும்போது பெட்ரோலைத் தாமாகவே நிறுத்திக்கொள்வதால், நியூட்ரலில் இறக்குவதில் மிச்சமும் இல்லை.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் வழியாகச் செல்லும் என்3 நெடுஞ்சாலை டர்பன் துறைமுகத்தையும் ஜோஹன்னஸ்பர்க்கையும் இணைப்பது என்பதால் லாரிகள் ஓய்வதில்லை. லாரிக்கு இணையாக நீடிக்காதீர்கள். கடந்து செல்லுங்கள், இல்லையேல் பின்தங்கி விடுங்கள். அதன் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால் ஓட்டுநருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள். மூடுபனியில் ஹெட்லைட்டைத் தாழ்த்தியே வையுங்கள். உயர்த்தினால் ஒளி பனியில் பட்டு உங்கள் கண்ணையே கூசவைக்கும்.

நகர நெரிசலில் நிற்கும்போது, முன்வண்டியின் பின்டயர்கள் சாலையைத் தொடும் இடம் கண்ணுக்குத் தெரியும் அளவு இடைவெளி விடுங்கள். மேடாக இருந்தால் இன்னும் கூடுதலாக விடுங்கள், ஏனென்றால் அந்த வண்டியும் உருளலாம். மினிபஸ் டாக்சி பயணியைக் கண்டதும் சட்டென்று ஓரங்கட்டும். அதன் பின்னால் செல்லும்போது அந்த இடைவெளிதான் உங்களைக் காக்கும். மின்வெட்டில் ரோபோ, அதாவது சிக்னல் விளக்கு, அணைந்திருந்தால் அதை நான்கு பக்கமும் நின்று செல்லும் சந்திப்பாகவே கொள்ள வேண்டும்: முழுமையாக நிறுத்தி, முதலில் வந்தவருக்கு முதலில் வழி விடுங்கள்.

வேலைக்குச் சேரும் முன் ஒரு ஞாயிறு அதிகாலையில், அனுபவமுள்ள ஒருவரைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு, டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் ஆளில்லாத மேட்டுத் தெரு ஒன்றில் பழகுங்கள். தொடர்ந்து பத்து முறை உருளாமல் எடுக்க வந்துவிட்டால், அன்றே ஃபீல்ட்ஸ் ஹில்லில் ஒருமுறை இரண்டாம் கியரில் இறங்கிப் பாருங்கள்.