சீரீஸ் பல்பு மங்கட்டும், பிறகு பாட்டு
வாசகர் கேள்வி – பதில்

திருப்பூர் வாசகர்: ஐயா, 5200, 1943 ஜோடி டிரான்சிஸ்டர் போட்ட ஆம்ப்ளிஃபயர் போர்டை 24-0-24 (நடுமுனைக்கு இருபுறமும் 24 வோல்ட்) டிரான்ஸ்பார்மரில் இணைத்தேன். சுவிட்சைப் போட்டதுமே ஃபியூஸ் போய்விட்டது, இரண்டு டிரான்சிஸ்டரும் ஷார்ட். புதிதாக மாற்றியும் அதே கதை. போர்டே சரியில்லையா?

போர்டின் மேல் பழி போடுமுன் ஒன்று கேட்கிறேன். டிரான்சிஸ்டரை மாற்றியதும் நேராக 230 வோல்ட்டில் ஏன் செருகினீர்கள்? பவர் டிரான்சிஸ்டர் தனியாகச் சாவதில்லை. அதை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டரையும் எமிட்டர் ரெசிஸ்டரையும் பெரும்பாலும் கூடவே அழைத்துக்கொண்டு போகும். அவற்றைச் சோதிக்காமல் பெரியதை மட்டும் மாற்றினால் மறுபடியும் பலிதான். ஃபியூஸ் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். அது அறுவதற்குள் டிரான்சிஸ்டர் போயிருக்கும்.

இனி ஒரு 100 வாட் குண்டு பல்பை டிரான்ஸ்பார்மரின் பிரைமரியோடு (230 வோல்ட் வரும் பக்கம்) சீரீஸில் போடுங்கள். எல்இடி பல்பு உதவாது. இழை சூடேறினால் அதன் தடை கூடும். நமக்கு வேண்டியது அந்தக் குணம். ஸ்பீக்கரை இணைக்காமல் சுவிட்சைப் போடுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு, கெபாசிட்டர்கள் நிரம்பியதும் மங்க வேண்டும். பிரகாசமாகவே நின்றால் எங்கோ ஷார்ட். முதலில் டிரான்சிஸ்டருக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே மின்சாரத்தைத் தடுக்கும் மைக்காத் தகட்டைப் பாருங்கள். இந்த டிரான்சிஸ்டர்களின் உலோக முதுகுதான் கலெக்டர். ஒன்று பிளஸ்ஸுக்கும் மற்றது மைனஸுக்கும் போவதால், மைக்கா இல்லாமல் ஒரே ஹீட் சிங்கில் இரண்டையும் திருகினால் சப்ளையையே ஷார்ட் செய்கிறீர்கள்.

பல்பு மங்கினால் ஸ்பீக்கர் முனையில் டிசி அளவு பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். அடுத்தது பயாஸ், அதாவது பாட்டு இல்லாதபோதும் பவர் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டம். பல்பை எடுத்துவிட்டு, பிரீசெட் (பயாஸைக் கூட்டிக் குறைக்கும் சிறு திருகு) குறைந்தபட்சத்தில் இருக்க, 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை வையுங்கள். 5 முதல் 6 மில்லிவோல்ட் வரும்வரை பிரீசெட்டை மெல்லத் திருப்புங்கள். சுமார் 25 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். அரைமணி நேரம் சூடேறிய பின் மறுபடி பாருங்கள். ஏறிக்கொண்டே போனால் பயாஸ் டிரான்சிஸ்டர் எங்கே நிற்கிறது என்று தேடுங்கள். அது பெரும்பாலும் பிடி139 ஆக இருக்கும். மலிவு போர்டுகளில் அதைக் காற்றில் நிற்க விட்டிருப்பார்கள். பவர் டிரான்சிஸ்டரின் பேஸ் மின்னழுத்தம் ஒரு டிகிரிச் சூட்டுக்கு ஏறக்குறைய 2 மில்லிவோல்ட் இறங்கும். இதை ஈடுகட்ட வேண்டிய ஆள் அதே ஹீட் சிங்கில் ஒட்டி உட்கார்ந்திருக்க வேண்டாமா? இல்லையென்றால் சூடு மின்னோட்டத்தைக் கூட்டும், மின்னோட்டம் சூட்டைக் கூட்டும், கடைசியில் நீங்கள் மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் போனால் சரக்கு போலி. இந்த ஜோடிக்குச் சந்தையில் போலிகள் அதிகம். செத்ததை வைஸில் நசுக்கி உள்ளே பாருங்கள். 15 ஆம்பியர் தாங்க வேண்டியதன் சில்லு கடுகளவு இருந்தால் விஷயம் புரிந்துவிடும்.

மதுரை வாசகர்: வால்யூமை முழுவதும் குறைத்தாலும் ‘உம்’ என்ற இரைச்சல் கேட்கிறது. 4700 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர்களை 10,000 ஆக்கியும் குறையவில்லை.

கெபாசிட்டரில் இனி காசைக் கொட்டாதீர்கள். கிரவுண்டு ஒயர்கள் போகும் வழிதான் தவறு. ஏசியை டிசியாக்கும் டயோடு பிரிட்ஜ், கெபாசிட்டரை நிரப்புவது சீரான ஓட்டமல்ல; வினாடிக்கு 100 அடி, ஒவ்வொரு அடியும் பல ஆம்பியர். கெபாசிட்டர் பெரிதானால் அடி இன்னும் கூர்மையாகும். அந்த வழியில் 10 மில்லிஓம் தடையுள்ள ஒயர் இருந்தால், 5 ஆம்பியர் ஓடும்போது அதில் 50 மில்லிவோல்ட் நிற்கும். இன்புட் கிரவுண்டும் அதே ஒயரைப் பகிர்ந்துகொண்டால் அந்த 50 மில்லிவோல்ட் பாட்டோடு உள்ளே நுழைந்து, 30 மடங்கு பெருகி, 1.5 வோல்ட் இரைச்சலாக ஸ்பீக்கருக்கு வரும்.

டிரான்ஸ்பார்மரின் நடுமுனையைக் கெபாசிட்டர்கள் சேரும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோங்கள். அங்கிருந்து தடித்த ஒயர் ஒன்று ஒரே போல்ட்டுக்கு. ஸ்பீக்கர், போர்டு இரண்டும் அந்தப் போல்ட்டுக்குத் தனித்தனி ஒயரில் வரட்டும். இன்புட் சாக்கெட் கேபினெட் தகட்டைத் தொடாதபடி பிளாஸ்டிக் வாஷர் போடுங்கள். இரைச்சல் குறைகிறதே என்று பிளக்கின் எர்த் பின்னை மட்டும் யாரும் வெட்ட வேண்டாம். தகட்டில் மின்சாரம் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து.

நாமக்கல் வாசகர்: அதே 24-0-24 டிரான்ஸ்பார்மர்தான். போர்டில் 1000 வாட் என்று அச்சிட்டிருக்கிறது. உண்மையா?

24 வோல்ட் ஏசி டிசியானால் சுமார் 33. ஸ்பீக்கருக்குக் கிடைக்கும் உச்சம் 28 என்று வையுங்கள். 28 பெருக்கல் 28, வகுத்தல் 16 (ஸ்பீக்கர் ஓமின் இருமடங்கு). எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 49 வாட். மற்றதெல்லாம் அச்சு மையின் செலவு. வீட்டுக் கூடத்துக்கு 49 தாராளம்.

சேலம் வாசகர்: நானே செய்து பல வருடமாக ஓடும் ஆம்ப்ளிஃபயர். வால்யூமைத் திருப்பினால் கரகரக்கிறது. வேறு என்னென்ன கவனிக்க வேண்டும்?

கரகரப்புக்கு கான்டாக்ட் கிளீனர் அடித்துப் பத்துமுறை திருப்புங்கள். போகவில்லை என்றால் வால்யூம் கன்ட்ரோலை மாற்றுங்கள். மூடியைத் திறந்ததும் கெபாசிட்டரில் கையை வைத்துவிடாதீர்கள். 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரை அதன் குறுக்கே பிடித்து, மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகு வேலையைத் தொடங்குங்கள். ஹீட் சிங்கின் தூசியை பிரஷ்ஷால் தட்டுங்கள். அதை ஒட்டியிருக்கும் சிறு கெபாசிட்டர்கள்தான் முதலில் காய்ந்துபோகும். தலை உப்பியிருந்தாலும் அடியில் கசிவு தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள். வாங்கும்போது 105 டிகிரி என்று பார்த்து வாங்குங்கள்.