'உம் சித்தம் ஆகட்டும்' என்று சபையார் பாட ஒரு பாட்டு எழுதுவது எப்படி?

ஈரோட்டுப் பக்கத்துக் கிராமச் சபைக்கு என்றால், முதலில் கெத்செமனே ஜெபத்தை, அதாவது சிலுவைக்கு முந்தின இரவு இயேசு செய்த ஜெபத்தை (லூக்கா 22:42), நிதானமாகப் படியுங்கள். பாத்திரம் (வரப்போகும் பாடு) நீங்க வேண்டும் என்ற வேண்டுதல் முதலில்; "ஆயினும் உம் சித்தமே" என்பது பிறகுதான். பல அர்ப்பணிப்புப் பாட்டுகள் முன்பாதியை விழுங்கிவிடுவதால்தான் சப்பென்று இருக்கின்றன. சரணத்தில் விட மனம் வராததைப் பெயர் சொல்லி வையுங்கள்: நின்றுபோன தறி, வற்றிய கிணறு, விலை விழுந்த மஞ்சள். பல்லவி "ஆயினும்" என்று திரும்பட்டும். வெறுமனே "எல்லாம் தருகிறேன்" என்றால் எதையும் தந்ததாகாது.

ஆதி தாளம், 8 எண்ணிக்கை. பல்லவி 2 வரி, நான்கு வரியில் 3 சரணம் போதும். (ஈரோட்டில் ஊழியம் செய்த எச்.ஏ. பாப்லி 1921-இல் இந்திய இசை பற்றி நூலே எழுதியவர்; பல்லவி, சரணம் என்று வரும் இந்தக் கீர்த்தனை வடிவம் இங்கே புதிதல்ல.) நீளும் சுரம் நெடிலில் விழ வேண்டும். "விடு" என்பதை இழுத்தால் "வீடு" ஆகிவிடும், அர்ப்பணிப்பு வீட்டுக்கடன் மனுவாகிவிடும்!

மெட்டு ஒரு ஸ்தாயிக்குள் (கீழ் ச முதல் மேல் ச வரை) அடங்கட்டும். முன்னால் நின்று பாடுகிறவர் தன் குரலுக்குச் சுருதி வைத்தால் பின்வரிசை வாய் மூடிக்கொள்ளும். அரை சுரமோ ஒரு சுரமோ இறக்கிப் பாருங்கள்.