வீட்டை விற்றுவிட்டுக் கப்பலில் குடியேறலாமா?

கேள்வி: நானும் மனைவியும் சேலம் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். வயது 66, 62. பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். ஏற்காட்டில் சொந்த வீடு உண்டு. உலகம் சுற்றும் கப்பலில் 15 ஆண்டுக்கு ஓர் அறையைச் சொந்தமாக வாங்கித் தருவதாக சேலம் ஐந்து ரோட்டில் ஒரு முகவர் சொல்கிறார். வீடு விற்ற பணத்தைக் கப்பலில் போட்டால் வரி கிடையாதாம். பவர் எழுதிக் கொடுத்தால் விற்பனையையும் அவரே முடித்துத் தருவாராம். 50,000 ரூபாய் முன்பணம் கொடுத்துவிட்டோம். விற்கலாமா?

ஆடிட்டர் பதில்: கப்பலில் வாழ ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் வீட்டை விற்காதீர்கள். பவர் எழுதிக் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பவர் பதிவாகிவிட்டால் யாருக்கு விற்பது, என்ன விலைக்கு விற்பது எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். பத்திரத்தில் ஒரு தொகை, கையில் ஒரு தொகை என்று பேசி முடிப்பார்கள். வருமான வரி நோட்டீஸ் மட்டும் உங்கள் பான் எண்ணுக்கு வரும். அப்போது நீங்கள் நடுக்கடலில் இருப்பீர்கள். கப்பல் விற்கிறவருக்கு உங்கள் வீட்டின் பவர் எதற்கு என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

வரி கிடையாது என்பது சுத்தப் பொய். பழைய வீட்டை விற்றுப் புது வீடு வாங்கினால் லாபத்துக்கு வரி விலக்கு உண்டு, உண்மைதான். ஆனால் அந்த வீடு இந்தியாவுக்குள் இருக்க வேண்டும் என்று 2014 பட்ஜெட்டிலேயே தெளிவாக்கிவிட்டார்கள். கப்பல் அறை அந்தக் கணக்கில் சேராது.

விற்றே ஆக வேண்டும் என்றால் ஒரு வழி இருக்கிறது. இதை நிதானமாகப் படியுங்கள், பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். விலக்குக்குப் பார்ப்பது விற்ற தொகையை அல்ல, லாபத்தை. வீடு 90 லட்சத்துக்குப் போய், அதில் லாபம் 55 லட்சம் என்று வையுங்கள். அஸ்தம்பட்டிப் பக்கம் 55 லட்சத்தில் ஒரு ஃப்ளாட் வாங்கினால் போதும், லாபம் முழுவதற்கும் விலக்கு கிடைக்கும். மீதி 35 லட்சத்தை எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கலாம். 40 லட்சத்துக்கு வாங்கினால் மிச்சமுள்ள 15 லட்சத்துக்கு மட்டும் வரி. விற்ற இரண்டு ஆண்டுக்குள் வாங்க வேண்டும், வாங்கியதை மூன்று ஆண்டுக்கு விற்கக் கூடாது. வருமான வரி ரிட்டர்ன் கெடுவுக்குள் வாங்க முடியவில்லையென்றால், பணத்தை வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்ற தனிக் கணக்கில் போட வேண்டும். இந்தக் கணக்கைப் பற்றிக் கேட்டாலே விழிக்கிற கிளைகள் இன்றும் இருக்கின்றன. எல்லாக் கிளையும் இதைத் தொடங்கவும் முடியாது. 1988-இல் வந்த திட்டம் இது!

அப்புறம் அந்த 'சொந்தம்'. நீங்கள் அனுப்பிய ஒப்பந்த நகலைப் படித்தேன். அறையில் தங்கும் உரிமை என்றுதான் எழுதியிருக்கிறது. மாதக் கட்டணத்தை அவர்கள் விருப்பப்படி ஏற்றலாம். கப்பலை முன்கூட்டியே ஓய்வுக்கு அனுப்பினால் உரிமையும் போய்விடும். வழக்கென்றால் அமெரிக்க நீதிமன்றம். வீடு, மனை விற்பனையைக் கண்காணிக்கும் நம் ஊர் ரெரா ஆணையம் இதில் எதுவும் செய்ய முடியாது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. 'லைஃப் அட் சீ' என்ற மூன்றாண்டுப் பயணம் 2023 நவம்பரில் இஸ்தான்புல்லிலிருந்து புறப்பட வேண்டியது. வாங்க நினைத்த கப்பலை வேறு நிறுவனம் வாங்கிவிட்டதால் பயணமே ரத்தானது. வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தவர்கள் திரும்பிப் போக வீடில்லாமல் நின்றார்கள். அடுத்த ஆண்டு 'வில்லா வீ ஒடிஸி' மே மாதம் புறப்படுவதாகச் சொல்லி, பழுது காரணமாக செப்டம்பர் கடைசி வரை பெல்ஃபாஸ்ட்டில் கிடந்தது.

முகவர் விசா பற்றி வாயே திறந்திருக்க மாட்டார். அமெரிக்கர் ஒருவர் பல துறைமுகங்களில் விசா இல்லாமலே இறங்குவார். நம் பாஸ்போர்ட்டுக்கு ஒவ்வொன்றாக வாங்க வேண்டும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்புதான் விண்ணப்பிக்கலாம். அதுவும் பொதுவாக நீங்கள் குடியிருக்கும் நாட்டில். கப்பலில் குடியிருப்பவர் எங்கே போய் விண்ணப்பிப்பார்? வழியில் இறங்கி, சென்னைக்குப் பறந்து வந்து, கைரேகை வைத்துவிட்டுத் திரும்ப வேண்டும். வயதானவர்களை இப்படி அலைக்கழிக்கும் முறையைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது. கைவசம் 60 பக்க பாஸ்போர்ட்டாக வாங்கி வையுங்கள்.

இங்கே எடுத்த மெடிக்ளைம் பெரும்பாலும் இந்தியாவுக்குள் மட்டுமே செல்லும். கப்பல் மருத்துவர் முதலுதவிக்கு ஆவார், டயாலிசிஸுக்கு ஆக மாட்டார்.

என் யோசனை: ஏற்காட்டு வீட்டை வாடகைக்கு விடுங்கள். முதலில் சென்னையிலிருந்து கிளம்பும் நான்கைந்து நாள் கப்பல் பயணம் ஒன்று போய்வாருங்கள். பிடித்திருந்தால் மூன்று மாதப் பயணமாகப் பதிவு செய்யுங்கள். பணத்தை வங்கி வழியாகக் கப்பல் நிறுவனத்துக்கு நேரடியாக அனுப்புங்கள். ஒருவருக்கு ஒரு நிதியாண்டில் இரண்டரை லட்சம் டாலர் வரை ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. அனுப்பும்போது வங்கி முன்கூட்டியே பிடிக்கும் டிசிஎஸ் என்ற வரித் தொகையை ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம்.

முன்பணத்தைத் திரும்பக் கேட்டு முகவருக்கு ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்படைப்புச் சான்றுடன் கடிதம் அனுப்புங்கள். 15 நாள் கெடு கொடுங்கள். தராவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனு கொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது, பணம் போன வங்கிப் பதிவையும் அவர் தந்த விளம்பரத் தாளையும் இணைத்துவிடுங்கள்.