ஏற்றத்தில் சார்ஜ் வேகமாக இறங்கினால் பெற்றரி பழுதா?

கண்டியிலிருந்து நுவரெலியா போகையில் றம்பொடை ஏற்றத்தில் பழைய நிசான் லீஃப் மின்சாரக் காரின் சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது, பெற்றரி முடிந்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். அதை மட்டும் வைத்துப் பயப்படாதீர்கள். உயரம் சுமார் 1,400 மீற்றர் கூடுகிறது. 1,500 கிலோ வாகனத்தை அவ்வளவு தூக்கவே ஏறக்குறைய 6 கிலோவாட் மணி வேண்டும். 24 கிலோவாட் மணி பெற்றரி புதிதாக இருந்தாலே அது கால்வாசி.

லீஃப் பெற்றரியின் நிலையைக் காட்டும் லீஃப் ஸ்பை செயலியைப் போட்டு, ஏற்றத்தில் அழுத்தி மிதிக்கும்போது செல் வோல்டேஜைப் பாருங்கள். எல்லாம் ஒன்றாக இறங்கினால் வயதுத் தேய்மானம். ஓரிரு செல் மட்டும் சட்டென்று விழுந்தால் அது இருக்கும் மொடியூல்தான் (சில செல்கள் சேர்ந்த பெட்டி) சந்தேகம். உள்ளே 48 மொடியூல் இருக்கின்றன, கெட்டதை மட்டும் மாற்றலாம். முழுப் பெற்றரிக்கும் காசைக் கொட்டாதீர்கள். ஆனால் உயர் மின்னழுத்தம், தெரிந்த கராஜ் தவிர யாரும் திறக்கக் கூடாது.

நுவரெலியாவில் முழுச் சார்ஜ் ஏற்றிக்கொண்டும் இறங்காதீர்கள். நிரம்பிய பெற்றரி இறக்கத்தில் திரும்பும் மின்சாரத்தை வாங்காது, பாரமெல்லாம் பிரேக்குக்கு.